ஊசி குத்திவிட்டது, இப்போது என்ன செய்வது? மருத்துவமனை ஊழியர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நோயாளிக்குப் போட்ட ஊசியோ, அறுவை சிகிச்சைக் கத்தியோ தவறுதலாகக் கையில் பட்டுவிட்டால் என்ன ஆகும் என்ற கேள்வி செவிலியர், பயிற்சி மருத்துவர், லேப் டெக்னீஷியன், டயாலிசிஸ் டெக்னீஷியன், துப்புரவுப் பணியாளர் என எல்லோரிடமிருந்தும் வருகிறது. தொற்றுத் தடுப்புப் பிரிவில் வேலை பார்ப்பதால் எனக்கு இது அன்றாடப் பேச்சு. உங்களுக்கு இப்போதுதான் குத்தியிருக்கிறது என்றால் முதல் மூன்று கேள்விகளைப் படித்துவிட்டு உடனே எழுந்து போங்கள். மீதியை அப்புறம் படித்துக்கொள்ளலாம்.

இப்போதுதான் குத்தியது. முதலில் என்ன செய்ய வேண்டும்?

கையுறையைக் கழற்றுங்கள். குழாயைத் திறந்து, ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு நன்றாகக் கழுவுங்கள். ரத்தம் தானாக வந்தால் வரட்டும், தடுக்க வேண்டாம். கழுவியதும் வார்டு பொறுப்பாளரிடம் சொல்லிவிட்டு கேஸுவாலிட்டிக்குக் கிளம்புங்கள். “இந்த ஒரு டிரிப்பை மாட்டிவிட்டுப் போகிறேன்”, “ரவுண்ட்ஸ் முடியட்டும்” என்று தள்ளிப்போட்டுத்தான் பலர் நேரத்தைக் கோட்டை விடுகிறார்கள்.

விரலைப் பிதுக்காதீர்கள். வாயில் வைத்து உறிஞ்சாதீர்கள் (அனிச்சையாகச் செய்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள்). ஸ்பிரிட், பிளீச் எதையும் காயத்தில் ஊற்றாதீர்கள். பிதுக்கினால் வைரஸ் வெளியே வந்துவிடும் என்பதற்கு ஆதாரம் கிடையாது, அந்த இடம் கன்றிப்போவதுதான் மிச்சம். பிளீச் தோலை அரித்துப் புண்ணாக்கும்.

கண்ணில் ரத்தம் தெறித்திருந்தால் சுத்தமான தண்ணீரோ நார்மல் சலைனோ விட்டுத் தொடர்ந்து கழுவ வேண்டும். சோப்பு கூடாது. கான்டாக்ட் லென்ஸ் போட்டிருந்தால் அதோடே முதலில் கழுவி, பிறகு லென்ஸைக் கழற்றுங்கள். வாயில் பட்டால் துப்பிவிட்டுப் பலமுறை கொப்பளியுங்கள்.

மாத்திரையை எவ்வளவு நேரத்துக்குள் போட வேண்டும்?

எச்.ஐ.வி. தடுப்பு மாத்திரையின் முதல் டோஸை 2 மணி நேரத்துக்குள் போட்டுவிடுவது நல்லது. 72 மணி நேரம் என்பது கடைசி எல்லை. “மூணு நாள் டைம் இருக்கே” என்று அதைப் படித்துக்கொள்ளக் கூடாது. வைரஸ் உள்ளே நுழைந்தால் முதலில் அந்த இடத்துச் செல்களில் தங்கி, அங்கிருந்து நிணநீர் முடிச்சுகளுக்குப் போகிறது. அங்கே வேரூன்றுவதற்குள் மறிக்க வேண்டும் என்பதுதான் இந்த அவசரத்துக்குக் காரணம்.

ரிப்போர்ட் வரட்டும் என்று காத்திருக்கவும் வேண்டாம். முதல் டோஸைப் போட்டுக்கொண்டு டெஸ்டுக்கு அனுப்பலாம். நோயாளிக்குத் தொற்று இல்லை என்று தெரிந்தால் மாத்திரையை நிறுத்திக்கொள்ளலாம். ஒரு டோஸ் கூடுதலாகச் சாப்பிட்டதால் கெட்டுப்போவது எதுவும் இல்லை.

நள்ளிரவில் குத்தினால் யாரிடம் போவது?

அரசு மருத்துவமனை என்றால் கேஸுவாலிட்டிக்குப் போங்கள். அவசரப் பிரிவு, பிரசவ அறை, தீவிர சிகிச்சைப் பிரிவு ஆகிய இடங்களில் இந்த மாத்திரை 24 மணி நேரமும் இருக்க வேண்டும் என்பது தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பின் வழிகாட்டுதல். காலையில் ஏ.ஆர்.டி. (எச்.ஐ.வி. கூட்டு மருந்துச் சிகிச்சை) மையத்துக்குப் போய் மீதி மாத்திரைகளை வாங்கிக்கொள்ளலாம். டெஸ்டும் ஆலோசனையும் அரசின் எச்.ஐ.வி. பரிசோதனை மையமான நம்பிக்கை மையத்தில் கிடைக்கும்.

தனியார் மருத்துவமனையில் வேலை என்றால், இரவில் மாத்திரை எந்த அலமாரியில் இருக்கிறது, சாவி யாரிடம் என்று இன்றைக்கே கேட்டு வையுங்கள். மாத்திரை ஃபார்மஸியில் பத்திரமாக இருக்கும், ஃபார்மஸி இரவு பூட்டியிருக்கும்; இந்தக் கூத்தைப் பல இடங்களில் பார்க்கலாம். எங்கே போவதென்றே தெரியாவிட்டால் 1097 என்ற கட்டணமில்லா எண்ணுக்குப் பேசுங்கள்.

எனக்கு எச்.ஐ.வி. வந்துவிடுமா?

வராமல் போவதற்கான வாய்ப்புதான் மிக அதிகம். எச்.ஐ.வி. உள்ளவருக்குப் போட்ட ஊசி குத்தி, எந்த மாத்திரையும் சாப்பிடாமல் விட்டால்கூடத் தொற்றுவதற்கான வாய்ப்பு சுமார் 0.3 சதவீதம், அதாவது ஏறக்குறைய 300 குத்துக்கு ஒன்று. கண்ணிலோ வாயிலோ தெறித்தால் அதைவிடக் குறைவு, 0.09 சதவீதம். காயமில்லாத தோலில் பட்டால் பயப்பட ஒன்றுமில்லை.

அமெரிக்காவில் 1985 முதல் 2013 வரை வேலையிடத்தில் எச்.ஐ.வி. தொற்றியதாக உறுதியான மருத்துவ ஊழியர்கள் மொத்தம் 58 பேர். 1999-க்குப் பிறகு அதில் ஒரே ஒருவர்தான், அவரும் லேபில் வளர்த்த வைரஸோடு வேலை செய்தவர். மாத்திரையும், நோயாளிகளுக்கே கிடைத்த நல்ல சிகிச்சையும், பாதுகாப்பான ஊசிகளும் சேர்ந்து செய்த மாற்றம் இது. நோயாளி ஒழுங்காக ஏ.ஆர்.டி. சாப்பிட்டு அவர் ரத்தத்தில் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்திருந்தால் ஆபத்து இன்னும் இறங்கிவிடும். ஆனாலும் மாத்திரையைத் தொடங்கத்தான் சொல்வோம்.

அப்படியானால் எதற்குத்தான் பயப்பட வேண்டும்?

கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி வைரஸுக்கு. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொள்வதாக இருந்தால் இதை வைத்துக்கொள்ளுங்கள். 1986-ல் சென்னையில் டாக்டர் சுனிதி சாலமன் தலைமையிலான குழு நாட்டின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகளைக் கண்டுபிடித்ததிலிருந்து நம் ஊர் மருத்துவமனைகளில் ஊசி குத்தினாலே எல்லோர் மனதும் எச்.ஐ.வி.-க்குத்தான் ஓடுகிறது. மற்ற வைரஸை யாரும் கேட்பதே இல்லை.

எங்கள் வகுப்புகளில் மனப்பாடத்துக்குச் சொல்லும் கணக்கு 30, 3, 0.3. தடுப்பூசி போடாத ஒருவருக்குக் குத்தினால் ஹெபடைடிஸ் பி தொற்றும் வாய்ப்பு 30 சதவீதம் வரை, சி என்றால் சுமார் 3, எச்.ஐ.வி. என்றால் 0.3. இது தோராயக் கணக்குதான். பி-யில் நோயாளியின் ரத்தத்தில் வைரஸ் எவ்வளவு மும்முரமாகப் பெருகுகிறது என்பதைப் பொறுத்து 6-லிருந்து 30 வரை போகும். சி-க்கு அண்மைக்கால அமெரிக்கக் கணிப்பு 3-ஐ விட மிகக் கீழே, 0.2 என்று வந்திருக்கிறது. ஆனால் பி முதலிடத்தில் இருப்பது மாறவில்லை. பி வைரஸ் உலர்ந்த ரத்தத்தில்கூட அறை வெப்பநிலையில் 7 நாள் வரை தாக்குப்பிடிக்கும். குளுக்கோமீட்டர் மேல் காய்ந்த ஒரு புள்ளி ரத்தமும் அதற்குப் போதும்.

இத்தனைக்கும் மூன்றில் தடுப்பூசி இருப்பது இதற்கு மட்டும்தான். அமெரிக்காவில் 1983-ல் மருத்துவ ஊழியர்களிடையே ஏறக்குறைய 17,000 ஹெபடைடிஸ் பி தொற்றுகள் ஏற்பட்டதாகக் கணக்கிட்டார்கள். 1995-ல் அது 400. தடுப்பூசியும் முன்னெச்சரிக்கையும்தான் அந்த வித்தியாசம்.

நான் தடுப்பூசி போட்டிருக்கிறேன். போதும்தானே?

எத்தனை டோஸ்? 0, 1, 6 மாதம் என்று மூன்றும் போட்டிருக்கிறீர்களா? ஆறாவது மாத ஊசியைப் போடாமல் விட்டவர்கள் ஏராளம். படிக்கும்போது கல்லூரியில் இரண்டு போட்டார்கள், பிறகு வேலைக்கு வந்துவிட்டார்கள், அதோடு சரி. விட்டுப்போயிருந்தால் முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை, விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

மூன்றும் போட்டு 1 முதல் 2 மாதத்தில் ஆன்டி எச்.பி.எஸ். டைட்டர் (ரத்தத்தில் எதிர்ப்புப் பொருளின் அளவு) பார்க்க வேண்டும். 10 யூனிட்டோ அதற்கு மேலோ இருந்தால் உங்களுக்குப் பாதுகாப்பு உண்டு. பிற்காலத்தில் எண் இறங்கினாலும் கவலை இல்லை, உடம்புக்கு நினைவு இருக்கும். 10-க்குக் கீழே என்றால் இன்னொரு சுற்றுப் போட்டுவிட்டுப் பார்க்க வேண்டும். இரண்டு சுற்றுக்குப் பிறகும் ஏறாதவர்கள் சிலர் உண்டு. அவர்களுக்குக் குத்தினால் இம்யூனோகுளோபுலின் (தயார்நிலை எதிர்ப்புப் பொருள்) ஊசி ஒரு மாத இடைவெளியில் இரண்டு முறை தேவைப்படும்.

நாடு முழுக்கக் குழந்தைகளுக்கு ஹெபடைடிஸ் பி தடுப்பூசி வழக்கமான அட்டவணையில் சேர்ந்தது 2011-ல்தான். அதனால் இன்று வேலையில் இருக்கும் பெரும்பாலானோர் “சின்ன வயசிலேயே போட்டிருப்பாங்க” என்று நம்பி இருக்க முடியாது.

தடுப்பூசியே போடாதவருக்கு, ஹெபடைடிஸ் பி உள்ள நோயாளியின் ஊசி குத்தினால் இம்யூனோகுளோபுலினும் தடுப்பூசியின் முதல் டோஸும் ஒரே நாளில், வெவ்வேறு இடத்தில் போட வேண்டும். 24 மணி நேரத்துக்குள் போட்டால் நல்லது, 7 நாளைத் தாண்டக் கூடாது. இம்யூனோகுளோபுலின் விலை ஆயிரக்கணக்கில் ஓடும். தடுப்பூசியின் விலையை அதோடு ஒப்பிட்டுப் பார்த்தால் எது லாபம் என்று நிர்வாகத்துக்கே புரியும்.

ஹெபடைடிஸ் சி என்றால்?

தடுப்பூசியும் இல்லை, குத்தியவுடன் போடும் மாத்திரையும் இல்லை. ஆனால் வந்தால் குணமாக்கலாம். சோஃபோஸ்புவிர், டக்ளாடாஸ்விர் மாத்திரைகளை வழக்கமாக 12 வாரம் சாப்பிட்டால் 100-ல் 95-க்கு மேற்பட்டோருக்கு வைரஸ் அடியோடு போய்விடுகிறது. 2018 ஜூலையில் தொடங்கிய தேசிய கல்லீரல் அழற்சிக் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் இந்த மாத்திரை இலவசம். எனவே இங்கே முக்கியம் தொடர்ந்து டெஸ்ட் செய்வதுதான். குத்தியவுடன் ஒன்று, 3 முதல் 6 வாரத்தில் வைரஸையே நேரடியாகத் தேடும் ஆர்.என்.ஏ. டெஸ்ட், 4 முதல் 6 மாதத்தில் கடைசியாக ஒன்று. டயாலிசிஸ் பிரிவில் வேலை செய்பவர்கள் இதைக் கூடுதல் கவனத்தோடு பார்க்க வேண்டும்.

எல்லாக் குத்தும் ஒன்றுதானா?

இல்லை. அமெரிக்கா, பிரான்ஸ், பிரிட்டன், இத்தாலி நாடுகளில் எச்.ஐ.வி. தொற்றிய மருத்துவ ஊழியர்களையும் தொற்றாதவர்களையும் ஒப்பிட்டு 1997-ல் ஓர் ஆய்வு வந்தது. ஆழமாகக் குத்தியிருந்தால் ஆபத்து ஏறக்குறைய 15 மடங்கு. ஊசியில் கண்ணுக்குத் தெரிகிற ரத்தம் இருந்தால், ஊசி நேரடியாக ரத்தக் குழாயில் போயிருந்தால், நோயாளி எய்ட்ஸின் கடைசிக் கட்டத்தில் இருந்தால் ஆபத்து அதிகம். ஜிடோவுடின் என்ற எச்.ஐ.வி. மருந்தைச் சாப்பிட்டவர்களுக்கு ஆபத்து சுமார் 81 சதவீதம் குறைந்ததும் அதே ஆய்வில்தான் தெரிந்தது. அன்றைக்கு அந்த ஒரே மாத்திரைதான், இன்று மூன்று மருந்து சேர்த்துத் தருகிறோம்.

எனவே ரத்தம் எடுத்த ஊசி, வென்ஃப்ளானிலிருந்து (டிரிப் ஏற்ற ரத்தக் குழாயில் செருகும் குழல்) உருவிய ஸ்டைலெட் ஊசி போன்ற உள்ளே துளை உள்ளவைதான் மோசம். தையல் ஊசியில் ரத்தம் குறைவாகவே ஒட்டும், அதிலும் கையுறையைத் துளைத்து வரும்போது பாதிக்கு மேல் துடைக்கப்பட்டுவிடும். தசை ஊசியும், தோலுக்கடியில் போட்ட இன்சுலின் ஊசியும் நடுத்தரம். சிறுநீர், வியர்வை, எச்சில், வாந்தி ஆகியவற்றில் ரத்தம் கலந்து தெரியாதவரை இந்த மூன்று வைரஸுக்கும் ஆபத்து என்று கணக்கில்லை. தண்டுவட நீர், நுரையீரல் உறையிலும் வயிற்றிலும் சேரும் நீர், பனிக்குட நீர் இவற்றையெல்லாம் ரத்தம் போலவே பார்க்க வேண்டும்.

மருந்து ஆம்பூல் உடைக்கும்போது கண்ணாடி கிழித்துவிட்டது.

நோயாளியின் ரத்தம் படாத கண்ணாடி அது. கழுவி, கட்டுப் போட்டுக்கொள்ளுங்கள். டி.டி. (டெட்டனஸ்) ஊசி போட்டு நாளாகியிருந்தால் போட்டுக்கொள்ளலாம்.

கேஸ் ஷீட்டில் நோயாளிக்கு எச்.ஐ.வி. நெகட்டிவ் என்று இருக்கிறது. நம்பலாமா?

பெரும்பாலும் நம்பலாம். அண்மையில் தொற்றி, டெஸ்டில் இன்னும் தெரியாத இடைக்காலம் ஒன்று உண்டு. ஆனால் அவருக்கு அண்மையில் ஆபத்தான தொடர்பு இருந்ததற்கான காரணம் எதுவும் இல்லையென்றால் அதை நினைத்து மருந்து சாப்பிட வேண்டியதில்லை. ஷீட்டில் பி, சி டெஸ்ட் இருக்கிறதா என்று பாருங்கள். பல சமயம் எச்.ஐ.வி. மட்டும் எழுதிவிட்டு மற்ற இரண்டையும் காலியாக விட்டிருப்பார்கள்.

நோயாளியிடம் புதிதாக ரத்தம் எடுக்க வேண்டுமென்றால் விஷயத்தைச் சொல்லிச் சம்மதம் வாங்க வேண்டும். அவருக்குத் தெரியாமல் வேறு ரத்தத்தோடு சேர்த்து அனுப்புவது சட்டப்படி தவறு. நேராகச் சொன்னால் மறுப்பவர்கள் குறைவு. மறுத்தால் “தொற்று நிலை தெரியாது” என்ற கணக்கில் மருத்துவர் முடிவெடுப்பார். குத்திய ஊசியையே லேபுக்கு அனுப்பி டெஸ்ட் செய்யச் சொல்வதால் பலன் இல்லை.

28 நாள் மாத்திரை சாப்பிட முடியுமா? வாந்தி வரும் என்கிறார்களே?

அந்தப் பேச்சு பழைய மருந்துகளின் காலத்தது. இப்போது தருவது டி.எல்.டி., அதாவது டெனோஃபோவிர், லாமிவுடின், டோலுடெக்ராவிர் மூன்றும் சேர்ந்த ஒரே மாத்திரை. ஒரு நாளைக்கு ஒன்று, 28 நாள். சிலருக்குக் குமட்டல், தலைவலி, தூக்கக் குறைவு வரும். தூக்கம் கெட்டால் காலையில் சாப்பிட்டுப் பாருங்கள்.

கால்சியம், இரும்புச் சத்து மாத்திரையும் வயிற்றெரிச்சலுக்கான ஆன்டாசிடும் டோலுடெக்ராவிர் உடம்பில் சேர்வதைத் தடுக்கும். அவற்றுக்கு 2 மணி நேரம் முன்போ 6 மணி நேரம் கழித்தோ இதைச் சாப்பிடுங்கள். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் எடுப்பவர்கள் மருத்துவரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும், அளவு மாற்ற வேண்டியிருக்கலாம். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு கிரியாட்டினின் பார்த்துத்தான் தருவார்கள்.

அதிகம் பேசப்படாத ஒன்று: உங்களுக்கே தெரியாமல் ஹெபடைடிஸ் பி இருந்தால், டெனோஃபோவிரும் லாமிவுடினும் அதையும் அமுக்கி வைத்திருக்கும். 28 நாளில் நிறுத்தும்போது கல்லீரல் அழற்சி திடீரென்று கிளம்பக்கூடும். அதனால் தொடக்கத்திலேயே எச்.பி.எஸ்.ஏ.ஜி. என்ற ஹெபடைடிஸ் பி டெஸ்டைப் பார்த்துவிட வேண்டும்.

கர்ப்பமாக இருக்கிறேன்.

கர்ப்பம் இந்த மாத்திரைக்குத் தடை இல்லை. உடனே மருத்துவரிடம் சொல்லிவிட்டு ஆரம்பியுங்கள். பாலூட்டுபவராக இருந்தால் தொடர்வதா வேண்டாமா என்பதை மருத்துவரோடு பேசி முடிவு செய்யுங்கள்.

எனக்கு எத்தனை முறை டெஸ்ட்? வீட்டில் எப்படி இருப்பது?

எச்.ஐ.வி.-க்கு அன்றே ஒன்று, பிறகு 6 வாரம், 3 மாதம், 6 மாதம். அன்றே எடுக்கும் டெஸ்டைத் தவிர்க்காதீர்கள். குத்தும்போது உங்களுக்குத் தொற்று இல்லை என்பதற்கு அதுதான் ஒரே சான்று. நாளைக்கு இழப்பீடு கேட்கும் நிலை வந்தால் முதலில் அந்தத் தாளைத்தான் கேட்பார்கள்.

டெஸ்டுகள் முடியும்வரை ஆணுறை பயன்படுத்துங்கள், ரத்த தானம் வேண்டாம். மற்றபடி ஒரே தட்டு, ஒரே பாத்ரூம், குழந்தையைக் கொஞ்சுவது எதிலும் மாற்றம் தேவையில்லை. வார்டில் வேலை செய்வதற்கும் தடை இல்லை. மாத்திரைப் பெட்டியைப் பார்த்து வீட்டில் கேட்டால் உண்மையைச் சொல்லிவிடுவது நல்லது. ஒளித்து வைத்து மாட்டிக்கொள்வதில் வரும் சங்கடம் பெரிது.

சொன்னால் திட்டு விழும். சொல்லாமலே விட்டுவிட்டால்?

திட்டு விழும் வார்டுகள் இருக்கின்றன, மறுக்கவில்லை. “பார்த்துச் செய்யத் தெரியாதா?” என்பதுதான் முதலில் காதில் விழும். ஆனால் பதிவு இல்லையென்றால் மாத்திரை இல்லை, டெஸ்ட் இல்லை, இழப்பீடும் இல்லை. 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த எச்.ஐ.வி. மற்றும் எய்ட்ஸ் தடுப்பு, கட்டுப்பாட்டுச் சட்டம் (2017) மருத்துவ நிறுவனங்களுக்குப் பாதுகாப்புச் சாதனம், பயிற்சி, குத்திய பின் தரும் தடுப்பு மருந்து மூன்றையும் கடமையாக்கியிருக்கிறது. இது சலுகை அல்ல, உங்கள் உரிமை. ரிசல்டை ரகசியமாக வைத்திருக்கவும் அதே சட்டம் சொல்கிறது.

மூடியைத் திரும்பப் போடாதே என்கிறார்கள். மூடாமல் எப்படித் தூக்கிப் போவது?

நியாயமான கேள்வி. ஊசி போட்டு முடித்துத் திரும்பினால், ஹப் கட்டரும் (ஊசியை வெட்டும் கருவி) ஊசி போடும் வெள்ளை டப்பாவும் வராந்தாவின் அந்தக் கோடியில், நர்சிங் ஸ்டேஷனில் இருக்கும். கையில் திறந்த ஊசி, நடுவில் அட்டெண்டர், டிராலி, நோயாளியின் சொந்தக்காரர்கள். மூடத்தான் தோன்றும். இடது கையில் மூடியைப் பிடித்து வலது கையால் ஊசியைச் செருகும் அந்த நொடியில்தான் இடது ஆள்காட்டி விரலில் ஏறுகிறது.

தப்பு அங்கே செவிலியரிடம் இல்லை, டப்பா இருக்கும் இடத்தில்தான். டிராலியிலேயே ஹப் கட்டர் இருந்து, படுக்கை அருகிலேயே ஊசியை வெட்டிப் போட முடிந்தால் மூடும் பேச்சே எழாது. கட்டாயம் மூடியே ஆக வேண்டும் என்றால் ஒரு கை முறை: மூடியை ட்ரேயில் படுக்க வைத்து, ஊசி முனையால் அதை அள்ளி, பிறகு ட்ரேயின் விளிம்பில் வைத்து அழுத்துங்கள். மற்றக் கை முதுகுக்குப் பின்னால் இருக்கட்டும். டப்பா முக்கால் நிரம்பியதும் மாற்ற வேண்டும். நிரம்பிய டப்பாவில் விரலை விட்டு அமுக்குவது தற்கொலைக்குச் சமம்.

நான் துப்புரவுப் பணியாளர். பை தூக்கும்போது காலில் குத்தியது. இதெல்லாம் எனக்கும் உண்டா?

அத்தனையும் உண்டு, கான்ட்ராக்ட் ஆளாக இருந்தாலும். 2016 உயிரி மருத்துவக் கழிவு விதிகளின்படி ஊசிகள் துளைக்க முடியாத வெள்ளை டப்பாவுக்குத்தான் போக வேண்டும். உங்கள் காலில் குத்திய ஊசி மஞ்சள் பையிலோ சிவப்புப் பையிலோ இருந்தது என்றால் அது உங்கள் கவனக்குறைவு இல்லை, மேலே யாரோ செய்த வேலை. யாருக்குப் போட்ட ஊசி என்றே தெரியாததால் நோயாளியை டெஸ்ட் செய்யவும் வழியில்லை. அந்த வார்டில் எப்படிப்பட்ட நோயாளிகள் இருந்தார்கள், ஊசியில் ரத்தம் இருந்ததா என்று பார்த்து மருத்துவர் முடிவெடுப்பார். உங்களுக்கு முக்கியமானது ஹெபடைடிஸ் பி தடுப்பூசி. கான்ட்ராக்டர் போடுவாரா, மருத்துவமனை போடுமா என்ற இழுபறியில் அது பல இடங்களில் நின்றுபோகிறது. வேலைக்குச் சேரும் அன்றே கேளுங்கள். பையை உடம்போடு அணைத்துத் தூக்காதீர்கள், அடியில் கை கொடுக்காதீர்கள், கழுத்தைப் பிடித்துத் தள்ளித் தூக்குங்கள். செருப்பு வேண்டாம், பூட்ஸ் கேட்டு வாங்குங்கள்.

வீட்டில் அப்பாவுக்கு இன்சுலின் போடுகிறேன். அந்த ஊசி எனக்குக் குத்தினால்?

அப்பாவின் தொற்று நிலை தெரியாவிட்டால் ஒரு முறை அவருக்கு டெஸ்ட் செய்துவிட்டால் தீர்ந்தது. உங்களுக்கும் பி தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள். தீர்ந்த ஊசிகளைக் குப்பைக் கவரில் போடாதீர்கள். மூடி இறுகிய கெட்டியான பிளாஸ்டிக் டப்பாவில் சேர்த்து, “ஊசி” என்று எழுதி ஒட்டி, பக்கத்து மருத்துவமனையிலோ மாநகராட்சி ஊழியரிடம் தனியாகவோ கொடுங்கள்.